கார்வெட் இசட்06-ஐ ஓட்டத்தடத்துக்குத் தயார் செய்தல்: இரண்டு குளிர்காலக் குறிப்புகள்

செவ்ரலே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் இசட்06-இன் 2002-ஆம் ஆண்டு மாடல் ஒன்றை வாங்கி, டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள என் வீட்டுக் கராஜில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பார்த்த நண்பர்கள் அனைவரும் எஞ்சினை இன்னும் எவ்வளவு ஏற்றப் போகிறாய் என்றே கேட்டார்கள். இரண்டு குளிர்காலங்கள் கழிந்து, அமெச்சூர் பந்தயத்தில் அந்த வண்டி ஓடத் தொடங்கிவிட்ட இன்றுவரை, அந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை நான் கழற்றியதில்லை. அதிலிருந்து கூடுதலாக ஒரு குதிரைத்திறன்கூட எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டின் இசட்06 வடிவம் 2001 முதல் 2004 வரை கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலையில் தயாரானது. அதில் 5.7 லிட்டர் எல்.எஸ்.6 வி8 எஞ்சின் இருக்கிறது, முதல் ஆண்டில் 385 குதிரைத்திறனும் அடுத்த ஆண்டிலிருந்து 405 குதிரைத்திறனும் தந்தது. வண்டியின் எடையோ சுமார் 1,415 கிலோதான். கியர் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டியிராமல், பின் சக்கரங்களுக்கு நடுவே, அவற்றுக்குப் பலத்தைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதால், முன்பின் எடைப் பங்கீடும் நன்றாக இருக்கிறது. இவ்வளவு வேகமான வண்டியை இவ்வளவு குறைந்த விலைக்குப் பழைய சந்தையில் வேறெங்கும் பார்க்க முடியாது என்பதே நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

சாலைக்காகச் செய்த வண்டி ஓட்டத்தடத்தில் திணறுவது பலக்குறைவால் அல்ல, அந்தப் பலம் உண்டாக்கும் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியாததால்தான். இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். விஸ்கான்சினில் உள்ள ரோட் அமெரிக்கா தடத்தின் ஐந்தாம் வளைவுக்கு மணிக்கு 240 கிலோமீட்டரில் வந்து, நான்கு வினாடிகளில் 100 கிலோமீட்டருக்குக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 1,500 கிலோ எடை என்றால், அந்த நான்கு வினாடிகளுக்குள் ஏறக்குறைய 27 லட்சம் ஜூல் ஆற்றலைத் தொலைக்க வேண்டும். காற்றுத் தடை தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மிச்சம் பெரும்பாலும் நான்கு டிஸ்க்குகளில்தான் இறங்குகிறது. எஞ்சின் முழு மூச்சில் தருவது 302 கிலோவாட் (405 குதிரைத்திறன்) என்றால், நிறுத்தும்போது பிரேக் தாங்குவது அதைப்போல் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே எஞ்சின் பலத்தைக் கூட்டும் கேம்ஷாஃப்டுக்காக ஒதுக்கி வைத்திருந்த பணத்தைப் பிரேக்குக்கு மாற்றிவிட்டேன்.

முதல் குளிர்காலத்தில் எல்லாத் திரவங்களையும் மாற்றும் வேலையில் தொடங்கினேன். ஆலையிலிருந்து வந்த டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போதே 205 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பதுதான் தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்லக் குடித்த பின் 140 டிகிரி வரைகூட இறங்கிவிடலாம். அதற்குப் பதிலாக மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 ஊற்றினேன், அதன் உலர் கொதிநிலை 312 டிகிரி. ஆனால் அதுவும் ஈரம் குடிக்கும் என்பதால், ஒவ்வொரு நிகழ்வுக்கு முன்பும் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுப்பது, அதாவது பழைய திரவத்தையும் காற்றுக் குமிழிகளையும் நிப்பிள் என்ற சிறு திறப்பின் வழியே வெளியேற்றுவது, பழக்கமாகிவிட்டது. கராஜில் என் மனைவி பெடலை அமுக்கிப் பிடிக்க, நான் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூடுவேன். "ஏங்க, இன்னும் எத்தனை தடவை?" என்ற கேள்வி மூன்றாவது சக்கரத்தில் தவறாமல் வந்துவிடும்.

அதே வாரத்தில் கிளட்ச் ஆயிலையும் பார்த்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது டிகாஷனைப் போலக் கறுத்துக் கிடந்தது. சி5 எனப்படும் இந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டில் அதிக சுற்று வேகத்தில் கியர் மாற்றும்போது கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வராமல் நின்றுவிடுவது பல உரிமையாளர்கள் சொல்லும் குறை. கிளட்ச் தேய்மானத் தூள் திரவத்தில் கலந்து அதைக் கெடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஏர் எடுக்கும் நிப்பிள் கிளட்ச் உறையின் உள்ளே கை எட்டாத இடத்தில் இருப்பதால், தொட்டியிலுள்ள திரவத்தை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, பெடலை முப்பது தடவை மிதித்து, மறுபடியும் உறிஞ்சுவதுதான் எளிய வழி. திரவம் தெளிவாக நிற்க எனக்கு ஆறு சுற்றுகள் தேவைப்பட்டன.

அடுத்து பிரேக் பேட்களைப் பந்தயத் தரத்துக்கு மாற்றினேன். முன் டிஸ்க் 325 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, பேட்களை அதன் மேல் அழுத்தும் இரட்டை பிஸ்டன் மிதவைக் காலிப்பர் பிடித்திருக்கிறது. இந்தக் காலிப்பர் கடும் வெப்பத்தில் சற்று விரிந்துகொடுப்பதால் பேட் ஒரு முனையில் மெலிந்து ஆப்பு வடிவத்தில் தேயும். அதைத் தவிர்க்க விலையுயர்ந்த காலிப்பர்கள் இருக்கின்றன என்றாலும், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் இடையே பேட்களை இடம் மாற்றிப் போடுவது எனக்குப் போதுமானதாக இருந்தது. காற்றுக்குழாயில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. மூன்று அங்குலக் குழாயை முன் பம்பரிலிருந்து கொண்டுவந்து டிஸ்க்கின் நடுக்கண்ணில் முடியும்படி பொருத்தினேன். டிஸ்க்கின் முகத்தில் காற்றை அடித்தால் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து டிஸ்க்கில் விரிசல் விழும். நடுவில் அடித்தால், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் துடுப்புகள் தாமே விசிறிபோல் அதை இழுத்து வெளியே தள்ளும்.

வசந்தத்தில் சவுத் ஹேவன் அருகிலுள்ள ஜிஞ்சர்மேன் தடத்தில் பயிற்சி ஓட்டத்துக்குப் போனேன். மிச்சிகன் ஏரிக்குப் பக்கத்தில் 1996-இல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தில் வளைவுகளுக்கு வெளியே தாராளமான புல்வெளி இருப்பதால், தவறு செய்பவனுக்கு வண்டியோடு வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது ஓட்டத்தில் பிரேக் பெடல் திடீரென்று ஆழமாக இறங்கியது. வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, திரவம் கொதித்துவிட்டது என்று முடிவு கட்டி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன். குமிழி ஒன்றும் வரவில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதேதான். மறுபடியும் ஏர் எடுத்தேன், மறுபடியும் ஒன்றும் வரவில்லை. ஒரு லிட்டர் விலையுயர்ந்த திரவம் வீணாகத் தரையில் போனதுதான் மிச்சம்.

அன்று மாலை என் பக்கத்து இடத்தில் வண்டி நிறுத்தியிருந்த வயதான ஓட்டுநர் ஒருவர், முதல் மிதியில் மட்டும் இறங்குகிறதா, இரண்டாவது மிதியிலும் இறங்குகிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை மிதித்தால் ஆழமாகப் போகிறது, உடனே மறுபடி மிதித்தால் கல்போல் நிற்கிறது. அப்படியானால் அது திரவத்தின் குறை அல்ல. திரவம் கொதித்திருந்தால் எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சுபோல்தான் இருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டச் சொன்னார். வலது முன் சக்கரத்தில் 'டக்' என்று மிக மெல்லிய ஓசை கேட்டது, விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரத்தையும் டிஸ்க்கையும் தாங்கும் ஹப்பின் பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. வளைவின் விசையில் ஹப் சாயும்போது டிஸ்க்கும் சாய்ந்து, பேட்களை பிஸ்டனோடு பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. நேர்ப்பாதையில் அடுத்த மிதி வரும்போது, அந்த இடைவெளியை நிரப்பவே பெடலின் பாதி தூரம் செலவாகிவிடுகிறது. டிஸ்க்கின் விளிம்பில் நான் முன்கூட்டியே பூசியிருந்த வெப்பப் பூச்சும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 430 டிகிரியில் மாறும் பச்சை மட்டும் வெளுத்திருந்தது, 560 டிகிரியில் மாறும் ஆரஞ்சு அப்படியே இருந்தது. டிஸ்க்கின் வெப்பத்தில் ஒரு பகுதிதான் திரவத்தை எட்டும் என்பதால், டிஸ்க் அந்த அளவில் இருக்கும்போது 312 டிகிரித் திரவம் காலிப்பருக்குள் கொதித்திருக்க வாய்ப்பே குறைவு. சான்று கண்முன்னால் இருந்தும் நான் வாசிக்கவில்லை.

சி5-இன் முன் ஹப் பிரிக்க முடியாத ஒற்றைத் தொகுப்பு. ஒட்டும் டயர்களும் எதிர்மறை கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) சேர்ந்தால் சாதாரண ஹப் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. பந்தயப் பயன்பாட்டுக்கென்று கனமான பேரிங்குடன் விற்கப்படுவதை இரண்டு பக்கமும் போட்டேன். விலை பழையதைவிட மூன்று மடங்குக்கும் மேல். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வீல் நட்டுகளை 100 பவுண்டு-அடி முறுக்குவிசைக்குச் சரிபார்க்கும்போதே நான்கு சக்கரத்தையும் ஆட்டிப் பார்ப்பது என் சடங்காகிவிட்டது. பழைய ஹப்பைத் தூக்கி எறியவில்லை, கராஜ் அலமாரியில் ஞாபகப் பொருளாக இருக்கிறது.

வீல் அலைன்மென்டில் ஒரு கசப்பு நேர்ந்தது. சஸ்பென்ஷனின் மேல் கைகளுக்குப் பின்னால் இருக்கும் வாஷர்களை நீக்கினால், முன் கேம்பரை ஆலை அளவுக்கு அப்பாலும் எதிர்மறைப் பக்கம் கொண்டுபோகலாம். அதை நானே செய்துவிட்டு, அளவு எடுப்பதற்காக ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மைனஸ் 2.5 டிகிரி என்று அச்சடித்த தாளோடு வண்டியைத் திருப்பித் தந்தார்கள். கேம்பரைப் பிடித்து நிறுத்தும் கீழ்க் கையின் எக்சென்ட்ரிக் போல்ட்டை முறுக்காமல் விட்டிருந்தார்கள் என்பது, வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு நூலும் டிஜிட்டல் அளவியும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்கிறேன். ஓடி முடித்து உள்ளே வந்தவுடன் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால், எந்தக் கடை அச்சிட்டுத் தரும் தாளையும்விட அது உண்மை சொல்லும்.

ஆகஸ்டில் ரோட் அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் அடுத்த குளிர்காலத்தின் வேலை தீர்மானமானது. 1955-இல் திறக்கப்பட்டு, 4.048 மைல் நீளத்துக்கு எல்க்கார்ட் லேக் காட்டுக்குள் ஏறி இறங்கும் அந்தத் தடத்தில், கெரசல் என்ற பெயரில் முடிவே வராததுபோல் நீளும் ஒரு வலது வளைவு இருக்கிறது. பதிவுக் கருவியில் ஆயில் அழுத்தத்தின் கோட்டை இரவு விடுதி அறையில் திறந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. நேர்ப்பாதைகளில் 55 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று நின்ற கோடு, ஒவ்வொரு சுற்றிலும் கெரசலின் பின்பாதியில் மட்டும் 20-க்குக் கீழே குழிந்து, ஏறக்குறைய ஒரு வினாடி அங்கேயே கிடந்தது. சுற்று வேகமோ அப்போது 5,000-க்கு மேல். எல்.எஸ்.6-இல் ஆயில் எஞ்சினுக்கு அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில்தான் கிடக்கிறது. நீண்ட வளைவின் பக்கவிசையில் அது ஒரு சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டால், உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். ஒரு வினாடிக் காற்று என்பது, பிஸ்டன் தண்டுகளின் (ராட்) பேரிங்குகளைப் பொறுத்தவரை மிக நீண்ட நேரம். மறுநாள் ஓடாமல் வண்டியை டிரெய்லரில் ஏற்றினேன்.

சம்பைக் கழற்றுவது சி5-இல் லேசான காரியமல்ல. எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங் ரேக்கை விலக்கி, குறுக்கே கிடக்கும் இலைவில்லோடு (லீஃப் ஸ்பிரிங்) சேர்த்து முன் தாங்குசட்டத்தையே கீழே இறக்க வேண்டும். டிசம்பரில் இரண்டு வார இறுதிகள் அதற்கே போயின. சம்ப் அலுமினிய வார்ப்பு. அது வெறும் பாத்திரமல்ல, பிளாக்கின் விறைப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே மறுபடி பூட்டும்போது அதன் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே தளத்தில் வர வேண்டும். நேரளவியை வைத்துப் பார்த்து, பக்கவாட்டில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டித் தட்டிச் சரிசெய்து, அப்புறம்தான் போல்ட்டுகளை 18 பவுண்டு-அடிக்கு முறுக்கினேன். முன், பின் மூடிகள் பிளாக்கைச் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் ஒரு கடலை அளவு சீலன்ட் வைக்காவிட்டால் புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும் என்பதை எனக்கு முன்னால் இதே வேலையைச் செய்த பலரும் சொல்லியிருந்தார்கள். சம்புக்குள் ஒருவழிக் கதவுகள் உள்ள தடுப்புத் தகட்டைப் பொருத்தினேன். ஆயில் நடுவை நோக்கி வரலாம், நடுவிலிருந்து ஓட முடியாது. அதோடு, காற்றழுத்தத்தில் சுமார் மூன்று லிட்டர் ஆயிலைப் பிடித்து வைத்து, அழுத்தம் விழுந்த கணத்தில் எஞ்சினுக்குள் தள்ளும் உருளை ஒன்றையும் சேர்த்தேன். எஞ்சினை இயக்குவதற்கு முன்பே அதன் வால்வைத் திறந்து பேரிங்குகளை நனைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். சம்பில் ஊற்றும் அளவையும் ஆலை சொன்ன 6.5 குவார்ட்டுக்கு மேல் ஒரு குவார்ட் உயர்த்தினேன்.

ரேக் வெளியே வந்திருக்கும்போதே எஞ்சினின் முன்முனையில் சுழலும் கிராங்க் புல்லியையும் பார்த்தேன். இந்த எஞ்சின்களில் அதன் இரு உலோக வளையங்களுக்கு நடுவிலுள்ள ரப்பர் நாளடைவில் விட்டுக்கொடுத்து, புல்லி தள்ளாடத் தொடங்கும். என்னுடையதில் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. அதன் நடு போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை. பழைய போல்ட்டால் புல்லியை உட்கார வைத்துவிட்டு, புதிய போல்ட்டை 37 பவுண்டு-அடிக்கு முறுக்கி, அங்கிருந்து இன்னும் 140 டிகிரி திருப்ப வேண்டும். சொல்லும்போது எளிது. அந்த 140 டிகிரிக்கு ஆறடி இரும்புக் குழாயும், இன்னொருவர் பின்னாலிருந்து ஃப்ளைவீலைப் பிடித்துக்கொள்வதும் தேவைப்பட்டன. ஸ்டியரிங் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் குளிர்விப்பான்களை அப்போதே பொருத்தினேன், அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நிகழவில்லை.

வண்டி புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க்கூண்டான ரோல் கேஜை நான் செய்யவில்லை. வெல்டிங் எனக்குத் தெரியும், ஆனால் என் தலையைக் காக்கப் போகும் வெல்டிங்கை என் கையால் செய்யும் அளவுக்குத் தெரியாது. வண்டியைக் காலிசெய்து கொடுத்தது மட்டும் நான்தான். விரிப்பு, இருக்கைகள், ஒலிபெருக்கிகள், ஒலித்தடுப்புகள் என்று கழற்றிக் குவித்தவற்றைக் குளியலறைத் தராசில் எடைபோட்டால் 60 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. விரிப்பை நீக்கியதும்தான் இந்த வண்டியின் விசித்திரம் தெரிந்தது. தரைப்பலகை உலோகமல்ல, இரண்டு கலப்புப்பொருள் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியது. எடை குறைவு, அதிர்வும் குறைவு என்பதால் அப்படிச் செய்தார்கள். ஆனால் கேஜின் கால்களை அதன் மேல் ஊன்ற முடியாது, பக்கத்தில் தீப்பொறி பறந்தால் மரம் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். கேஜ் செய்தவர் கால் வரும் இடங்களில் தரையை வெட்டி எடுத்து, கீழேயுள்ள எஃகு சட்டத்தின் மேல் தகடு வைத்து, அதன் மேல் 1.75 அங்குலக் குழாயைப் பற்றவைத்தார். வெட்டு விளிம்பெங்கும் ஈரத்துணி, பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்த பின்னும் இரண்டு மணிநேரக் காவல். வெட்டியெடுத்த துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கனம்.

பந்தய இருக்கை, ஆறு முனைப் பட்டை, வெளியிலிருந்து இழுக்கக்கூடிய மின்தடுப்பு, தீயணைப்பு அமைப்பு ஆகியவை விதிப்படி வந்தவை. தலையும் கழுத்தும் முன்னால் வீசப்படாமல் பிடிக்கும் ஹான்ஸ் கருவியை உருவாக்கியவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், அவருக்குத் துணைநின்றவர் பந்தய ஓட்டுநர் ஜிம் டௌனிங். என் வீட்டிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. முதல் பயிற்சி நாளிலேயே இதை வாங்கியிருக்க வேண்டும், இரண்டாம் ஆண்டு வரை தள்ளிப்போட்டது என் அசட்டுத்தனம்.

பந்தயம் நடத்தும் அமைப்புகளில் எஸ்.சி.சி.ஏ. (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) 1944-லிருந்து இருக்கிறது, இதே இசட்06 ஒரு காலத்தில் அதன் டூரிங் 1 (டி1) பிரிவில் நிறைய ஓடியது. நான் சேர்ந்தது நாசா. விண்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தேசிய ஆட்டோ ஸ்போர்ட் சங்கம் என்பதன் சுருக்கம். அதன் சூப்பர் டூரிங் பிரிவுகள் எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரிக்கப்படுகின்றன என்பதால், எஞ்சினைப் பலப்படுத்தினால் பெரிய சூரர்கள் இருக்கும் பிரிவுக்குத் தள்ளப்படுவதுதான் பலன். பலத்தை அளக்கும் டைனோ கருவியில் சக்கரத்தில் 348 குதிரைத்திறன் காட்டிய என் வண்டி, என்னையும் சேர்த்துத் தராசில் 1,490 கிலோ காட்டியது. இலைவில்லின் இரு முனைகளிலும் உயரம் மாற்றும் போல்ட்டுகள் இருப்பதால், நான்கு மூலை எடையையும் அதை வைத்தே ஓரளவு சமன் செய்தேன்.

உரிமம் கிடைத்து, மறுபடியும் ரோட் அமெரிக்காவுக்குப் போனேன். கெரசலின் பின்பாதியில் ஆயில் அழுத்தம் 44 பி.எஸ்.ஐ.க்குக் கீழே ஒரு சுற்றிலும் இறங்கவில்லை. பிரேக் பெடல் கடைசிச் சுற்று வரை ஒரே உயரத்தில் நின்றது. நிறைவுச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்குகளை ஆறவைத்து, உள்ளே வந்து ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். முப்பத்திரண்டு வண்டிகளில் பத்தொன்பதாவதாக வந்தேன். எனக்கு முன்னால் வந்த பல வண்டிகள் என்னுடையதைவிடப் பலம் குறைந்தவை, ஓட்டியவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், டிஃபரென்ஷியலுக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் நாணய அளவுக்கு ஒரு ஈரம் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன், கியர் ஆயில்தான். இடது பக்க அச்சின் சீலில் கசிவு. இந்த வண்டியில் டிஃபரென்ஷியலுக்குக் குளிர்விப்பான் கிடையாது. அரைமணிநேரப் பந்தயத்துக்குப் பின் அதன் உறையைத் தொட முடியாத அளவுக்கு அது சூடாகியிருந்ததை நான் கவனித்திருந்தேன். சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் வெந்துபோகும். சிறிய பம்ப், பின் பம்பருக்குப் பின்னால் வைக்க ஒரு குளிர்விப்பான், எட்டடிக் குழாய் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறேன். பனி விழத் தொடங்கியதும் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும்.